பையனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து ஏற்றினால் இன்சுலினை நிறுத்திவிடலாம் என்கிறார்கள், உண்மையா?

திண்டுக்கல்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் பையனுக்கு 9 வயது. போன சித்திரையில் ஆள் திடீரென்று இளைத்துப்போனான், ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து தண்ணீர் கேட்டான், வெயில்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒரே வாரத்தில் வாந்தியும் மூச்சிரைப்புமாக ஐசியூவில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது, அன்று சுகர் 540. டைப் 1 என்றார்கள். அன்றிலிருந்து தினமும் 4 ஊசி. ராத்திரி சுகர் லோ ஆகிவிடுமோ என்று 3 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறேன். முதலில் எல்லாம் அழுவான். இப்போது நான் லைட்டைப் போட்டால் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டுகிறான், அதிலும் சாயங்காலம் குத்திய விரலை மடக்கிக்கொண்டு வேறு விரலை நீட்டுகிறான். தூக்கத்திலேயே. அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வருவதில்லை.

விஷயம் இதுதான். சொந்தக்காரர் ஒருவர் ஒரு கிளினிக்கின் வீடியோ அனுப்பினார். வயிற்றுக் கொழுப்பைக் கொஞ்சம் எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்லைப் பிரித்து, அன்றைக்கே நரம்பு வழியாக ஏற்றிவிடுவார்களாம். 3 தடவை செய்தால் கணையம் திரும்ப வேலை செய்யுமாம். நான்கரை லட்சம். சீனாவில் ஒரு பெண்ணுக்கு இதே மாதிரி அவள் கொழுப்பிலிருந்தே எடுத்துச் செய்து இன்சுலினே வேண்டாம் என்று ஆகிவிட்டது என்று செய்தியையும் காட்டுகிறார்கள். அந்தச் செய்தி பொய்யில்லை என்று தேடிப் பார்த்தேன். நகையை வைத்தால் பணம் புரட்டிவிடலாம், வீட்டுக்காரரும் போகலாம் என்கிறார். இதைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

செல்வளர்ப்பு:

அக்கா, நான் டாக்டர் இல்லை. ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல், வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன், அதனால் இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியும். முதலில் ஒன்று மட்டும்: யார் என்ன சொன்னாலும் ஒரு வேளை இன்சுலினைக்கூட நிறுத்தாதீர்கள்.

சீனாச் செய்தி உண்மைதான். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் டெங் ஹாங்குய் குழுவும் தியான்ஜின் மருத்துவமனை ஒன்றும் சேர்ந்து, 25 வயதுப் பெண் ஒருவருக்கு 2023 ஜூனில் செய்தார்கள், 2024 செப்டம்பரில் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. 75 நாளில் அவர் ஊசியை நிறுத்தினார், ஒரு வருடத்துக்குப் பிறகும் ஊசி தேவைப்படவில்லை. சுகர் சரியான அளவுக்குள் இருந்த நேரம் முன்பு ஒரு நாளில் 43 சதவீதம், 4-வது மாதத்தில் 96 சதவீதம். படித்தபோது நாங்கள் எல்லோரும் வேலையை அப்படியே விட்டுவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஆனால் அங்கே செய்ததும் உங்களுக்கு வீடியோ அனுப்பியவர்கள் செய்வதும் ஒன்றில்லை. இரண்டிலும் கொழுப்பு என்ற சொல் வருகிறது, ஒற்றுமை அதோடு முடிந்தது.

வளர்ந்த மனிதரின் செல் ஒரு வேலைக்கென்று ஆன பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா எலியின் தோல் செல்லுக்குள் 4 மரபணுக்களை நுழைத்து அதைக் கருவின் தொடக்கத்தில் இருக்கும் செல்லைப் போலவே மாற்றிக் காட்டினார், அடுத்த வருடமே மனித செல்லிலும் நடந்தது, 2012-இல் நோபல் பரிசு. டெங் குழு மரபணு எதையும் நுழைக்காமல் வெறும் வேதிப்பொருள்களை வைத்தே அந்தத் திருப்பத்தைச் செய்தது. அந்தப் பெண்ணின் கொழுப்புத் திசுவில் இருந்த செல்களை அப்படித்தான் பின்னோக்கி அழைத்துப்போனார்கள். அப்புறம் அங்கிருந்து முன்னோக்கி. தாய் வயிற்றில் கணையம் எந்த வரிசையில் உருவாகிறதோ அதே வரிசையில், முதலில் குடலாகப் போகும் அடுக்கு, பிறகு கணைய மொட்டு, பிறகு இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் என்று கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு மருந்து, நாள் தவறினால் செல் வேறு ஏதோவாகிவிடும். வாரக்கணக்கில் ஆகும் வேலை. கடைசியில் கிடைப்பவை ரவையைவிடச் சின்ன வெள்ளை உருண்டைகள், குடுவையைச் சுழற்றினால் கஞ்சித் தண்ணீரில் நொய் மிதப்பதுபோல் சுற்றி வரும். பள்ளிப் பாடத்தில் கணையத்துக்குள் இருக்கும் லாங்கர்ஹான் திட்டுகள் என்று படித்தோமே, அதுபோன்றவை. அப்படிச் சுமார் 15 லட்சம் உருண்டைகளை அவருடைய வயிற்றுத் தசையின் உறைக்கு அடியில் ஊசியால் வைத்தார்கள். ஏதாவது தப்பானால் ஸ்கேனில் பார்த்து வெளியே எடுத்துவிடலாம் என்றுதான் அந்த இடம். ஏனென்றால் முழுதாக மாறாத செல் ஒன்றிரண்டு கலந்திருந்தாலும் அது கட்டியாக வளரலாம்.

இதைக் காலையில் கொழுப்பை எடுத்து மத்தியானம் ஏற்றி முடிக்க முடியுமா? அந்தக் கிளினிக்கில் பிரித்து எடுப்பது மீசன்கைமல் செல் எனப்படும் வகை. அது எலும்பாகும், குருத்தெலும்பாகும், கொழுப்பாகும். உடம்புக்குள் விட்டால் தானாகப் பீட்டா செல் ஆகாது. நரம்பில் ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கிச் சில நாளில் அழிந்துபோகும். கணையத்துக்கு வழி கேட்டுப் போய்ச் சேராது.

இன்னொன்று, இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கல்லீரல் மாற்றியிருந்தது, அதற்காக எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையைத் தினமும் எடுத்துக்கொண்டிருந்தார். டைப் 1-இல் பீட்டா செல் தேய்ந்து போவதில்லை, நம் எதிர்ப்பு சக்தியே அதை எதிரி என்று நினைத்துக் கொல்கிறது. சொந்த செல்லிலிருந்தே செய்து வைத்தாலும் அந்தக் கோபம் உள்ளேதான் இருக்கிறது, மறுபடியும் வந்து கொல்லும். மாத்திரை இல்லாமல் அவருக்கு நடந்திருக்குமா என்பது அந்த ஒரு ஆளை வைத்துச் சொல்லவே முடியாது.

கோவை_அப்பா:

தங்கச்சி, நகையை வைக்காதே. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

என் மகளுக்கு 6 வயதில் வந்தது. ஐந்தாவது மாதமே ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனோம், பெயர் வேண்டாம். 3 லட்சத்து 80 ஆயிரம். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்தார்கள், இடுப்பு எலும்பில் ஊசி போட்டபோது பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு 18 யூனிட் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு 6 யூனிட் போதும் என்றானது. நாங்கள் பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்தோம். 4 மாதம்தான். மறுபடி ஏறி 20 யூனிட்டில் வந்து நின்றது. கேட்டால் இன்னொரு சிட்டிங் போடலாம், தள்ளுபடி தருகிறோம் என்றார்கள்.

அப்புறம் வேறொரு குழந்தை மருத்துவர்தான் உட்காரவைத்து விளக்கினார். புதிதாக டைப் 1 வந்த நிறையப் பிள்ளைகளுக்கு இன்சுலின் ஆரம்பித்த பிறகு மீதியிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் தெம்பாகி, சில மாதம் ஊசியின் அளவு தானாகவே குறையுமாம். ஹனிமூன் பீரியட் என்று சொல்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் என் மகளுக்குக் குறைந்திருக்கும். போவதற்கு முன்னால் சி-பெப்டைடு டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டார். அந்தப் பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அந்தப் பணத்தில் 3 வருடத்துக்குச் சுகர் பார்க்கும் சென்சார் வாங்கி மாட்டியிருக்கலாம். விரலில் குத்தாமல் இருந்திருப்பாள்.

ஒரு சந்தேகம், செல்வளர்ப்புத் தம்பியோ தங்கையோ தெரியவில்லை, எங்களுக்கு அப்போது பிரேசிலில் நடந்த ஆய்வு என்று ஒரு காகிதம் காட்டினார்கள். 15 பேரில் 14 பேருக்கு இன்சுலின் நின்றது என்று இருந்தது. அது பொய்யா?

செல்வளர்ப்பு:

தங்கைதான் அண்ணா. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை.

அது பொய்யில்லை, 2007-இல் வந்த ஆய்வு. ஆனால் அங்கே ஸ்டெம் செல் புதுப் பீட்டா செல்லை உண்டாக்கவில்லை. நோய் கண்டுபிடித்துச் சில வாரமே ஆனவர்களை எடுத்து, புற்றுநோய்க்குக் கொடுக்கிற மாதிரி கடுமையான மருந்து கொடுத்து எதிர்ப்பு சக்தியைத் துடைத்துவிட்டு, முன்பே எடுத்து வைத்த அவர்களுடைய சொந்த ரத்த ஸ்டெம் செல்லைத் திரும்ப ஏற்றி எதிர்ப்பு சக்தியைப் புதிதாக வளரவிட்டார்கள். மீதியிருந்த பீட்டா செல்கள் அதனால் கொஞ்ச காலம் பிழைத்தன. பிற்பாடு பலருக்கு மறுபடி இன்சுலின் தேவைப்பட்டது. அந்த மருந்துகளால் தொற்றும் வரலாம், பிள்ளைப்பேறும் பாதிக்கலாம். உங்கள் மகளுக்கு அந்த மருந்தெல்லாம் கொடுக்கவில்லை, வெறும் செல்லை ஏற்றினார்கள். அதற்கும் இந்தக் காகிதத்துக்கும் சம்பந்தமே இல்லை, அதைக் காட்டிப் பணம் வாங்கியது அநியாயம்.

சி-பெப்டைடு பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. உடம்பு இன்சுலினை முதலில் நீளமான ஒரு சங்கிலியாகத்தான் செய்யும், அதை வெட்டும்போது நடுவில் விழும் துண்டுதான் சி-பெப்டைடு. நாம் ஊசியில் போடும் இன்சுலினில் அது கிடையாது. அதனால் ரத்தத்தில் சி-பெப்டைடு இருந்தால் அது உடம்பே செய்த இன்சுலின். எங்கள் துறையே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறது. 2000-ங்களின் தொடக்கத்தில் ஸ்டெம் செல்லை இன்சுலின் செல்லாக மாற்றிவிட்டோம் என்று சிலர் அறிவித்தார்கள், சாயம் போட்டுப் பார்த்தால் செல்லுக்குள் இன்சுலின் தெரிந்தது. 2003-இல் ஹார்வர்டில் டக்ளஸ் மெல்டனின் ஆய்வகம் சோதித்தபோது, செல்லை வளர்க்க ஊற்றிய திரவத்திலேயே இன்சுலின் இருந்ததும், செல்கள் அதைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. எலும்பு மஜ்ஜைச் செல் கணையத்துக்குப் போய் பீட்டா செல் ஆகிறது என்றும் அதே காலத்தில் ஒரு கட்டுரை வந்தது, மற்றவர்கள் செய்து பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. 2004-இல் எலிகளில், பிறந்த பிறகு வரும் புதுப் பீட்டா செல்கள் ஏற்கெனவே இருக்கும் பீட்டா செல்கள் பிரிவதால்தான் வருகின்றன, தனியாக ஒளிந்திருக்கும் ஸ்டெம் செல்லிலிருந்து இல்லை என்று மெல்டன் ஆய்வகமே காட்டியது. மெல்டனின் மகனுக்கு 6 மாதக் குழந்தையாக இருந்தபோதே டைப் 1 வந்தது, பிறகு மகளுக்கும். தவளைக் கருவை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினார்.

திண்டுக்கல்_அம்மா:

அண்ணா, உங்கள் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள்? நீங்கள் எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், எதுவும் பேசவில்லை, மாடிக்குப் போய்விட்டார்.

தங்கச்சி, இன்னொன்று கேட்கிறேன். பையன் பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தை ஒரு தனியார் வங்கியில் பணம் கட்டிச் சேர்த்து வைத்திருக்கிறோம். வருடா வருடம் கட்டுகிறோம். அதில் ஸ்டெம் செல் இருக்கிறது என்றுதானே வாங்கினார்கள், அதை இப்போது பயன்படுத்த முடியுமா?

செல்வளர்ப்பு:

அதை அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் செய்தே பார்த்துவிட்டார்கள் அக்கா. டைப் 1 வந்த சின்னப் பிள்ளைகளுக்கு அவரவர் தொப்புள்கொடி ரத்தத்தையே ஏற்றினார்கள். கெடுதல் எதுவும் இல்லை, ஆனால் சி-பெப்டைடு குறைந்துகொண்டே போவதும் நிற்கவில்லை. அதில் இருப்பது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல். தனக்கே பயன்படும் என்று தனியாரிடம் சேர்த்து வைப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரும் சொல்லியிருக்கிறது. இனிமேல் கட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, டைப் 1-ஐ மனதில் வைத்துக் கட்ட வேண்டாம்.

ஐசிஎம்ஆர் 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதலையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்கள் மாதிரி ஏற்கப்பட்ட சிலவற்றைத் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று கொடுக்கக் கூடாது, பதிவு செய்த ஆய்வாக மட்டும்தான் செய்யலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அந்தக் கிளினிக்குக்கு ஒரு போன் போட்டு, இந்த ஆய்வின் சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் என்ன, முன்னும் பின்னும் சி-பெப்டைடு எடுத்து எழுதித் தருவீர்களா, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்.

99முதல்_டைப்1:

அக்கா, எனக்கு 1999-இல் 11 வயதில் வந்தது. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், அவளுக்குச் சுகர் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இந்த ஆராய்ச்சியை நான் 20 வருடமாகப் பின்தொடர்கிறேன். முன்பெல்லாம் அடுத்த 5 வருடத்தில் வந்துவிடும் என்று எப்போதும் சொல்வார்கள், கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போயிருந்தது. போன சில வருடங்கள்தான் நிஜமாகவே வேறு மாதிரி இருக்கின்றன. 2000-இல் கனடாவின் எட்மன்டனில் இறந்தவர்களின் கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்து 7 பேருக்கு ஏற்றி எல்லோரும் ஊசியை நிறுத்தினார்கள், ஆனால் அதே முறையில் செய்துகொண்டவர்களில் 5 வருடம் கழித்து இன்சுலின் இல்லாமல் இருந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். அதோடு ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று பேரின் கணையம் வேண்டியிருந்தது, அவ்வளவு தானத்துக்கு எங்கே போவது. அந்தத் தட்டுப்பாட்டைத்தான் ஸ்டெம் செல் தீர்க்கப் பார்க்கிறது. மேலே தங்கச்சி எழுதினாரே மெல்டன், அவர் ஆரம்பித்த வேலை இப்போது வெர்டெக்ஸ் கம்பெனியின் கையில் இருக்கிறது. கருவிலிருந்து வந்த ஸ்டெம் செல்லிலிருந்து செய்த 80 கோடி செல்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் விடுகிறார்கள். 2025 ஜூனில் வந்த முடிவில் முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் முடிந்தபோது ஊசியே தேவைப்படவில்லை. அன்று ராத்திரி நான் என் மனைவியை எழுப்பிப் படித்துக் காட்டினேன்.

ஆனால் அந்த ஆய்வில் இருந்த 14 பேரில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல், எதிர்ப்பு சக்தியைக் குறைத்து வைத்திருந்தால் வரக்கூடிய வகைத் தொற்று. இந்தச் சிகிச்சையிலும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். அதனால்தான் லோ ஆவதே தெரியாமல் திடீரென்று மயங்கி விழும் பெரியவர்களை மட்டும் அதில் சேர்த்தார்கள். நன்றாக ஓடியாடும் 9 வயதுப் பிள்ளைக்கு இன்சுலினை விட்டுவிட்டு அந்த மாத்திரையைக் கொடுப்பது நியாயமான பண்டமாற்று இல்லை.

நான் காத்திருப்பது வேறு ஒன்றுக்கு. ஸ்வீடனின் உப்சாலாவில் ஒருவருக்கு, எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாதபடி மரபணுவைத் திருத்திய திட்டுச் செல்களை முன்கைத் தசையில் ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். அடக்கும் மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. செல்கள் பிழைத்திருக்கின்றன, சி-பெப்டைடு வருகிறது. கொஞ்சம் செல்தான் போட்டார்கள், அதனால் அவர் இன்னும் இன்சுலின் எடுக்கிறார். அவை தானமாக வந்த செல்கள். இதே திருத்தத்தை ஸ்டெம் செல்லில் செய்து தேவையான அளவுக்கு வளர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பையன் அதைப் பார்ப்பான் என்று நான் நம்புகிறேன். அது வரும்போது கண்ணும் கிட்னியும் நல்லபடியாக இருக்க வேண்டும், அதற்குத்தான் இப்போது போடும் 4 ஊசியும்.

கோவை_அப்பா:

மகளுக்கு இப்போது 13, தங்கச்சி. ஊசி அவளே போட்டுக்கொள்கிறாள், கபடி விளையாடுகிறாள். வீட்டுக்காரரிடம் என் நம்பரைக் கொடுக்கட்டுமா? தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அவர் பேச வேண்டும் என்றுகூட இல்லை, கூப்பிட்டால் போதும்.

திண்டுக்கல்_அம்மா:

அனுப்புங்கள் அண்ணா.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். பதிவு எண்ணைக் கேட்டதற்கு அதெல்லாம் டாக்டருக்குத்தான் தெரியும் என்றார்கள். சி-பெப்டைடு எங்கள் பேக்கேஜில் வராது, வெளியில் எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் 50 ஆயிரம் கட்டி நாளைக் குறித்துவிடுங்கள் என்றார்கள். வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். அவரே போனை வாங்கி வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். சென்சார் பற்றி அடுத்த வாரம் எங்கள் டாக்டரிடம் கேட்கப்போகிறோம்.

99முதல்_டைப்1 தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் அம்மா இந்த 3 மணி அலாரத்தை எப்போது நிறுத்தினார்கள்?

99முதல்_டைப்1:

நான் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன வருடம் நிறுத்தினார்கள் அக்கா. அதாவது, வீட்டில் நிறுத்தினார்கள். ஹாஸ்டலில் 3 மணிக்கு எனக்குப் போன் வரும், நான் எடுத்து நம்பரைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவேன். இப்போது என் சென்சாரின் அளவு அம்மாவின் போனிலும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். ராத்திரி இறங்கினால் எனக்கு முன்னால் அவர்கள் எழுந்துவிடுகிறார்கள்.